பையில் பத்து நிமிடம்

விழா மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. இரண்டு மணிக்கே மண்டபத்தில் நாற்காலிகள் வரிசை கட்டி நின்றன; முன்வரிசைக்கு மட்டும் வெள்ளை உறை. கடற்படை விமானத் தளத்தின் கமாண்டருக்கு இன்னும் ஐந்து நாளில் ஓய்வு. மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், தன்னைப் பற்றிய பாராட்டுரையைப் பென்சிலும் கையுமாக அவர் படித்துக்கொண்டிருந்தார்.

எழுதியவர், பக்கத்திலேயே நின்றிருந்த தளத்தின் கல்வி அதிகாரி. நல்ல மனிதர், பேனாவைத் திறந்தால் மூடத் தெரியாது. 'பிறவி விமானி' என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. கமாண்டர் அதை அடித்தார். அடுத்த பத்தியில் 'அஞ்சா நெஞ்சம் படைத்தவர்'. அதற்கும் ஒரு கோடு.

"மேடம், அதை எடுத்துட்டா அந்தப் பத்தி நிக்காதுங்க."

"நிக்கலைன்னா உக்காரட்டும். முதல் பதினோரு தடவை பறந்தப்பவும் வாந்தி எடுத்தவ நான். பிறவியாம் பிறவி!"

மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஊரே புகழ வந்திருக்கு. நீ என்னடான்னா போட்டோ எடுக்கிறவன் கையிலேருந்து கேமராவைப் புடுங்குற. சும்மா நில்லேன்."

கமாண்டரின் கணவர், பல் மருத்துவர், இறுகிய காலரைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார். "விடுங்கக்கா. வாயைத் திறங்கன்னா ஊர்ல எல்லாரும் எனக்குத் திறக்கறாங்க. இவ ஒருத்திகிட்டதான் இருபது வருஷமா என் பாச்சா பலிக்கலை."

பேருந்து ஓட்டுநரின் இரண்டாவது மகள் கமாண்டர். கப்பலையும் பார்த்ததில்லை, விமானத்தையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே வேலையில் கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னதால் விண்ணப்பம் போட்டவர். இருபத்தேழு வருடம் ஹெலிகாப்டர் ஓட்டியும் வீட்டுக் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாது. எடுத்தால் எதையாவது இடிப்பார். கடலிலிருந்து அவர் தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர் என்று பாராட்டுரையில் ஓர் எண் இருந்தது. தூக்கி வர முடியாமல் போனவர்களுக்கு எண் இல்லை. அப்படிப் போடுவது வழக்கமும் இல்லை.

'விமானப் பாதுகாப்பில் தனிக் கவனம் செலுத்தினார்' என்ற வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. அந்த ஒரு வரிக்குள் பன்னிரண்டு வருடம் இருந்தது. அதை அவர் அடிக்கவும் இல்லை, பக்கத்தில் ஒரு சொல் சேர்க்கவும் இல்லை.

அப்போதுதான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு மாலுமி ஓடி வந்தான். ஓடி வருவதற்கு அந்தத் தளத்தில் தடை உண்டு. நடந்துதான் வர வேண்டும். அவன் ஓடி வந்ததைப் பார்த்தவுடனேயே கமாண்டர் காகிதத்தை அக்காவின் மடியில் போட்டுவிட்டார்.

"மேடம், சரக்குப் படகு ஒண்ணு முழுகுது. அஞ்சு பேர். ஐம்பது நிமிஷத் தூரம்."

தளத்தில் மீட்புக்கு இரண்டு ஹெலிகாப்டர்கள். வானொலியில் அவற்றின் பெயர் நாரை ஒன்று, நாரை இரண்டு. தளத்தின் பெயர் கூடு. நாரை ஒன்று பட்டறையில் வயிறு திறந்து கிடந்தது. மிச்சம் இருந்தது நாரை இரண்டு. கால் மணி நேரத்தில் அது கிளம்பிப் போனது. உள்ளே நான்கு பேர். கேப்டன், பக்கத்து இருக்கையில் துணை விமானி, கயிற்றை இறக்கி ஏற்றும் வின்ச்காரர், கயிற்றோடு கீழே இறங்கும் டைவர்.

கேப்டனைத் தளத்தில் எல்லோரும் 'குட்டை' என்பார்கள், ஆறடி இருந்ததால். கமாண்டர் பறந்துகொண்டிருந்த காலத்தில் ஆறு வருடம் அவருக்குத் துணை விமானியாக இருந்தவர். துணை விமானியாக இப்போது போயிருந்தது, படைக்கு வந்து மூன்று வருடமே ஆன ஒரு பெண்.

கட்டுப்பாட்டு அறை சின்னது. ஒரு சுவர் முழுக்க எழுதுபலகை, எதிரே கடலைப் பார்த்த கண்ணாடி, நடுவே வானொலி. பலகைக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியோடு துணைத் தலைவர் நின்றார். கமாண்டரைவிட வயதில் மூத்தவர், பதவியில் ஒரு படி கீழே. எதையும் அலுத்துக்கொண்டே செய்வதால் அவருக்கு 'மாமா' என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபிக்க மாட்டார்.

பலகையில் கணக்கு இருந்தது. தொட்டி நிறைந்தால் நூற்று நாற்பத்து நான்கு நிமிடம் பறக்கலாம். போக ஐம்பது, திரும்ப ஐம்பது, அவசரத்துக்குக் கையிருப்பு இருபது. படகின் தலைக்கு மேல் நிற்க இருபத்து நான்கு. ஐந்து பேரைத் தூக்க அது போதும், எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

ஒழுங்காக நடக்கவில்லை. நாரை இரண்டு படகை அடைந்தபோது காற்று எழும்பிவிட்டது. வானிலைக்காரர் வந்து, திரும்பும்போது எதிர்க்காற்று, ஐம்பது போதாது, அறுபத்தைந்து ஆகும் என்றார். மாமா இருபதை அழித்து ஐந்து என்று எழுதினார். கையிருப்பில் பதினைந்தைக் காற்றே தின்றுவிட்டது.

மண்டபத்திலிருந்து தொலைபேசி வந்தது. அக்கா. "மணி மூணரை ஆகுதுடி. மேலதிகாரி வந்து உக்காந்தாச்சு. என்ன சொல்ல?"

"சாப்பாட்டைப் போடச் சொல்லு."

"விழாவே ஆரம்பிக்கலையே!"

"வயித்துக்கு அது தெரியவா போகுது? போடச் சொல்லுக்கா." வைத்துவிட்டார்.

ஒருவர் மேலே வந்தார். இருவர். மூன்றாமவர் கயிற்றில் சுழன்று, வின்ச்காரர் காலை நீட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. நான்காமவர். ஒவ்வொன்றையும் துணை விமானியின் குரல் சொல்லச் சொல்ல மாமா பலகையில் ஒரு கோடு இழுத்தார். நான்கு கோடு இழுத்துவிட்டு ஐந்தாவதற்குச் சுண்ணக்கட்டியைத் தூக்கியபடி நின்றார்.

"கூடு, நாரை இரண்டு. அஞ்சாவது ஆள் கால் சரக்குக் கயித்துக்குள்ள மாட்டியிருக்கு. டைவர் கூட இருக்கார். அறுத்து எடுத்து மேலே ஏத்த பன்னிரண்டு நிமிஷம் ஆகும்னு வின்ச் சொல்றார். எரிபொருள் அறுபத்தொன்பது நிமிஷம்."

திரும்ப அறுபத்தைந்து. இருப்பது அறுபத்தொன்பது. வேண்டியது பன்னிரண்டு, மிச்சம் நான்கு. அறையில் எல்லோருக்கும் கழித்தல் தெரியும்.

மாமா கமாண்டரின் பக்கமாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எழுபத்தொன்பது மேடம்."

கமாண்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன் குட்டை மேடம். எனக்குத் தெரியாதா? பையில பத்து இல்லாம அவன் வீட்டை விட்டே கிளம்ப மாட்டான். நீங்களும்தான் வெச்சிருந்தீங்க."

உண்மை. அவரும் வைத்திருந்தார். அவர் காலத்தில் எல்லா விமானியும் வைத்திருந்தார்கள். தொட்டியில் முப்பது நிமிடம் இருந்தால் கூட்டுக்கு இருபது என்று சொல்வது. மிச்சம் பத்தை யாருக்கும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது போல மனசுக்குள் வைத்துக்கொள்வது. கரையில் உட்கார்ந்திருப்பவன் 'இன்னும் ஒரு சுற்று தேடு' என்று சுலபமாகச் சொல்லிவிடுவான். அவன் வாய்க்கு நம் உயிரைக் கொடுக்கக் கூடாது என்ற தற்காப்பு. கரையில் இருந்தவர்களும் பழைய விமானிகள்தான். வானொலியில் இருபது என்று கேட்டால் அவர்கள் காதில் முப்பது என்று விழும். இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லி, இரண்டு பக்கமும் அதைப் புரிந்துகொண்டு, பல வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. எல்லோரும் ஒரே அளவு பொய் சொல்லும்வரை பொய்யும் ஒரு கணக்குதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பட்டப்பகலில், இதே அறையில் பறப்புப் பிரிவின் தலைவராக அவர் உட்கார்ந்திருந்தார். வேறொரு தளத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆன விமானி கடலில் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். 'எரிபொருள் இன்னும் பத்து நிமிஷத்துக்குத்தான்' என்றார் அவர். கமாண்டர் காதில் இருபது என்று விழுந்தது. 'இன்னொரு சுற்று' என்றார். அந்த மனிதர் வந்த தளத்தில் பை வைக்கும் பழக்கம் இல்லை. பத்து என்றால் பத்து. ஹெலிகாப்டர் கரைக்கு நான்கு மைல் முன்னால் கடலில் விழுந்தது. நான்கு பேரில் மூவரை எடுத்தார்கள். வின்ச்காரரை எடுக்க முடியவில்லை.

விசாரணை மூன்று நாள் நடந்தது. எரிபொருளைக் கவனிக்காதது விமானியின் பிழை என்றுதான் முதல் நாள் பேச்சு போயிற்று. கமாண்டர் முதல் நாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, 'அவர் பத்து என்றுதான் சொன்னார். பத்தைக் கூட்டிக்கொண்டது நான்' என்றார். அதற்காக அவருக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளைத்தான் நினைத்தார். மூன்றாம் நாள் உண்மை சொன்னவரைத் துணிச்சல்காரர் என்பதா, இரண்டு நாள் சொல்லாதவரைக் கோழை என்பதா? இரண்டும் ஒரே ஆள் என்பதால் அவர் எந்தப் பட்டத்தையும் ஏற்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த விதி. சொல்லும் எண்தான் எண். ஒவ்வொரு முறை இறங்கியதும் தொட்டியை அளந்து, வானொலியில் கடைசியாகச் சொன்னதோடு ஒத்துப் பார்ப்பது. இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேப்டன் தன் கையால் ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். 'இம்பொசிஷன் மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வந்தது. முதல் வருடம் விளக்கங்கள் கட்டுக் கட்டாக வந்தன. பிறகு குறைந்தன. கடைசி மூன்று வருடத்தில் ஒன்றும் வரவில்லை. பழக்கம் செத்துவிட்டதா, அல்லது அளவை எப்படி ஏமாற்றுவது என்று கற்றுக்கொண்டார்களா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒரு விதி வெற்றி பெற்றதற்கும் அதை எல்லோரும் சாமர்த்தியமாகச் சுற்றிப் போவதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் இல்லை.

இப்போது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலகையில் நான்கு நிமிடம் மூன்றாகிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை கேளுங்க மேடம்," என்றார் மாமா. "பையில இருக்கான்னு. நீங்க கேட்டா சொல்லுவான்."

சொல்வான். அதுதான் சிக்கல். கீழே ஒருவன் கால் மாட்டிக்கொண்டு கத்துவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவன், 'இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் சொல்வான். இல்லாவிட்டாலும் சொல்வான். கேட்டு வாங்கும் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. கேட்காமல் வந்த எண் ஒன்றுதான் கையில் இருந்தது.

அவர் மைக்கை எடுத்தார்.

"நாரை இரண்டு, கூடு. மிதவைப் படகை இறக்குங்க. டைவர் என்ன சொல்றார்?"

சிறிது நேரம் இரைச்சல். பிறகு அந்தப் பெண் குரல்: "டைவர் கை காட்டுறார். கயித்தை அறுத்து ஆளை மிதவைல ஏத்திக்கிறேன், நீங்க போங்கன்னு. கூட இருக்கேன்கறார்."

"இருக்கட்டும். அடையாளம் காட்ட வெளிச்சக்குழல், புகைக்குழல் எல்லாம் இறக்கியாச்சா? அறுபத்தஞ்சு ஆனதும் திரும்புங்க."

இப்போது வேறு குரல் வந்தது. கேப்டன். "கூடு, இன்னும் எட்டு நிமிஷம் குடுங்க. எட்டே எட்டு."

மாமா சுண்ணக்கட்டியால் பலகையைத் தட்டினார். "பாத்தீங்களா? இருக்கு அவன்கிட்ட. இல்லாமலா கேக்கறான்?"

ஆறு வருடம் கமாண்டரின் இடது கைப்பக்கம் உட்கார்ந்திருந்த மனிதர். மூச்சு விடும் சத்தத்திலேயே அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லிவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த எட்டுக்குப் பின்னால் இருப்பது எரிபொருளா, ஆற்றாமையா என்று புரியவில்லை. எரிபொருள் இருந்து, கமாண்டர் 'வேண்டாம்' என்றால், இரண்டு பேரை வீணாகக் கடலில் விட்டவர் ஆவார். எரிபொருள் இல்லாமல் 'சரி' என்றால், மேலே இருக்கும் ஏழு பேரும் போவார்கள். கீழே இருப்பவர்களைத் தேடிப் போக வேறு ஹெலிகாப்டரும் இருக்காது.

"இல்லை," என்றார். "அறுபத்தொன்பதுன்னு சொன்னீங்க. அதை வெச்சுத்தான் பேசறேன். திரும்புங்க."

இரைச்சலுக்கு நடுவே கேப்டனின் குரல் வந்தது.

"திரும்புறோம்."

வானொலியை இயக்கும் மாலுமி தன் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா பலகையில் இரண்டு என்று எழுதி வட்டம் போட்டார். கடலில் இருப்பவர்கள் இரண்டு பேர்.

அந்த அறுபத்தைந்து நிமிடத்தை அவர் நின்றே கழித்தார். பறக்கும்போது இப்படி இருந்ததில்லை. பறப்பவனுக்குக் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கும். பயப்பட நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். கரையில் இருப்பவனுக்கு நேரத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. வானிலைக்காரர் மிதவைப் படகு எந்தப் பக்கம் அடித்துப் போகும் என்று வரைபடத்தில் ஒரு நீள்வட்டம் போட்டுக் காட்டினார். நேரம் ஆக ஆக அந்த வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார். சின்னதாக்க ஒருவராலும் முடியாது.

மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை துணை விமானி எரிபொருளைச் சொன்னாள். நாற்பத்து மூன்று. நாற்பது. மாமா ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதும்போது உதடு அசைந்தது. பக்கத்தில் பத்தைக் கூட்டிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

நாரை இரண்டு கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தபோது கமாண்டர் கீழே இறங்கி ஓடுபாதைக்கு நடந்தார். விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சீருடை காற்றில் படபடத்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் நான்கு பேரைக் கம்பளியில் சுற்றி இறக்கினார்கள். விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. நிறுத்தி மறுபடி கிளப்ப நேரமில்லை. எரிபொருள்காரர், முப்பது வருடமாகக் குழாயும் தானுமாக இருக்கும் மனிதர், தொட்டியின் அளவைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கமாண்டரின் காதருகே வந்து கத்தினார்:

"மூணு நிமிஷம் மேடம்! இதுல பால்கூடக் காய்ச்ச முடியாது!"

எட்டு நிமிடம் கொடுத்திருந்தால் கரைக்கு ஐந்து நிமிடத் தூரத்துக்கு முன்னாலேயே கடலில் விழுந்திருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்.

ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. கணக்குச் சரியாக இருந்தது என்பதால் கடலில் கிடக்கும் இருவருக்கு ஒரு கயிறும் இறங்கிவிடப் போவதில்லை. சரியாக இருப்பது என்பது சில சமயம் அவ்வளவுதான். வேறு ஒன்றையும் தராது.

தரை ஆட்கள் பேசும் ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு அதன் கம்பியை ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் செருகினார். "என்னடா நினைச்சே? எட்டு நிமிஷம் எங்கேருந்து குடுத்திருப்பே?"

கேப்டனின் முகம் கண்ணாடிக்கு உள்ளே சாம்பல் நிறமாக இருந்தது. "பத்து இருக்குன்னு நினைச்சேன் மேடம்."

"வெச்சிருந்தியா?"

"இல்லை. வெச்சு எத்தனையோ வருஷமாச்சு. மீட்டரை வாசிக்கிறது இவதான். இவ அறுபத்தொன்பதுன்னா. என் மண்டை தானா பத்தைக் கூட்டிக்கிச்சு. யாரோ எனக்குன்னு எடுத்து வெச்சிருக்காங்கன்னு நம்பிட்டேன். வர்ற வழியில பாதியிலதான் உறைச்சுது, நான் வைக்கவே இல்லையேன்னு."

கமாண்டர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். துணை விமானி முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மடியில் இருந்த தாளில் அடுத்த பயணத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு உப்பு படிந்து வெடித்திருந்தது.

"எந்தப் பத்து சார்?" என்று கேட்டாள்.

கேப்டன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தான் தவறாக வாசித்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். "மேடம், மீட்டர்ல அறுபத்தொன்பதுதான் இருந்தது. ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"தெரியும்மா," என்றார் கமாண்டர். "நீ பாட்டுக்குப் போடு கணக்கை." பிறகு கேப்டனிடம்: "மறுபடி போக முடியுமா உன்னால? உண்மையைச் சொல்லு. முடியலைன்னா இறங்கு, வீட்டுல இருக்கிற விமானிங்களைக் கூப்பிடறேன்."

"அவங்க வர்றதுக்குள்ள வெளிச்சம் போயிடும். முடியும் மேடம். ஆனா எப்பத் திரும்பணும்னு இவ சொல்லட்டும். நான் வாயைத் திறக்கலை."

"அப்படியே ஆகட்டும். ஏம்மா, இவர் எட்டுன்னு கேட்டா?"

"முன்னாடியே கூட்டிலேருந்து 'இல்லை'ன்னு சொல்லிட்டீங்களே மேடம்," என்றாள் அவள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

கடலில் தங்கிவிட்ட டைவருக்குப் பதிலாக வேறொரு டைவர் ஏறினார். தொட்டி நிறைந்ததும் நாரை இரண்டு மறுபடி எழுந்தது. இந்த முறை காற்று முதுகில். நாற்பது நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் சூரியன் தாழ்ந்துகொண்டிருந்தது. திரும்ப அறுபத்தாறு என்றார் வானிலைக்காரர். தேட இருபது நிமிடம், தூக்கப் பத்து. அதற்குமேல் கடல் கறுத்துவிடும்.

இருட்டுவதற்கு முன்னால் மண்டபத்திலிருந்து மீண்டும் தொலைபேசி. "மேலதிகாரிக்கு நேரமாச்சாம்டி," என்றாள் அக்கா. "மேடைக்கு யாராவது வாங்கன்னாங்க. உன் வீட்டுக்காரர் ஒத்தைக் கால்ல நின்னு மாட்டேன்னுட்டார். நினைவுப் பரிசை நானே போய் வாங்கிட்டேன். நீ அடிச்சதையெல்லாம் அந்தக் கல்வி அதிகாரி திரும்ப எழுதிப் படிச்சிட்டார். அஞ்சா நெஞ்சமும் இருந்துச்சு. நல்லா கை தட்டினாங்க."

"உனக்குத்தானே தட்டினாங்க? வெச்சுக்கோ."

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? ஆளைக் கண்டுபிடிச்சாச்சா?"

"இன்னும் இல்லைக்கா."

அக்கா தொலைபேசியை வைக்கவில்லை. பிறகு வானொலி கரகரத்தது. கமாண்டர் சொல்லாமல் வைத்துவிட்டார்.

"கூடு, நாரை இரண்டு. வட்டத்துக்கு வந்துட்டோம். படகு இல்லை. முழுகிடுச்சு. தேடறோம்."

ஐந்து நிமிடம். எட்டு. பத்தாவது நிமிடத்தில் ஏதோ மிதப்பதாகச் சொல்லி, போய்ப் பார்த்தால் மரப்பெட்டி. வானிலைக்காரர் வட்டத்தின் தெற்கு ஓரத்தைப் பென்சிலால் அழுத்தமாக வரைந்து, அங்கே போகச் சொல்லுங்கள் என்றார். கமாண்டர் சொன்னார். பன்னிரண்டு. பதின்மூன்று. மாமா வாட்சைக் கழற்றிப் பலகைத் தட்டில் வைத்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே கடல் ஈய நிறத்துக்கு வந்துவிட்டது.

இருபதாவது நிமிடத்தில் என்ன சொல்வது என்று கமாண்டர் தயார் செய்துகொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான், அதையே ஒரு தடவை இன்று சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை வாயிலிருந்து வருமா என்று அவருக்கு நிச்சயமில்லை. இருபத்தேழு வருட அனுபவம் அந்தச் சொல்லை ஒரு மயிரிழைகூட எளிதாக்கவில்லை.

"புகை!" வானொலியில் கேப்டனின் குரல் உடைந்தது. "செம்புகை! கூடு, இடப்பக்கம் புகை!"

அறையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு ஏழு நிமிடம் ஒரு சொல்லும் வரவில்லை. கீழே இறங்குகிறார்கள் என்று மட்டும் தெரியும். யார் மேலே வருகிறார்கள், உயிரோடா என்பது தெரியாது.

"கூடு, நாரை இரண்டு." துணை விமானி. மூச்சு வாங்கியது, ஆனால் சொற்கள் வரிசையாக வந்தன. "ரெண்டு பேரும் உள்ளே. படகுக்காரருக்குக் கால் உடைஞ்சிருக்கு, பேசறார். டைவர் நல்லாருக்கார், குளிர்ல நடுங்கறார். எரிபொருள் எண்பத்து மூணு நிமிஷம். திரும்புறோம்."

அறையில் இருந்தவர்கள் கத்தினார்கள். வானொலி மாலுமி பக்கத்தில் இருந்தவனின் முதுகில் ஓங்கி அறைந்தான். அறை வாங்கியவனும் சிரித்தான்.

மாமா சுண்ணக்கட்டியை எடுத்து எண்பத்து மூன்று என்று எழுதினார். கமாண்டர் அவர் உதட்டைப் பார்த்தார். அது அசையவில்லை. எண்பத்து மூன்றுக்குக் கீழே அறுபத்தாறு, கோடு, பதினேழு. அவ்வளவுதான். எழுதி முடித்துத் திரும்பியவர், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கமாண்டரின் கண்ணைச் சந்தித்ததும் முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டார்.

"பதினேழு மேடம்," என்றார். "தாராளமா வந்து சேரலாம்."

"தரையில இறங்கட்டும்," என்றார் கமாண்டர். அறையில் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. அறுபத்தாறு நிமிடம் இருந்தது.